கறியில் ஏன் வாடை வருகிறது? காட்டுக்கறி முதல் கிடாக்கறி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் கறிக்கடை இருக்கிறது. அப்பா காலத்தில் வெள்ளாடு மட்டும்தான். இப்போது நாட்டுக்கோழி, வாத்து, காடை, பண்ணை முயல் என்று கூடிவிட்டது. வேலந்தாவளம் தாண்டி கோவைப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் வருவார்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, போன தடவை கறி ஒரு மாதிரி வீசுச்சு, ஏன்?" கடையில் கூட்டம் நிற்கும்போது முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

காட்டு விலங்கின் கறி என்றாலே வாடை அடிக்கும் என்கிறார்களே, அது அதன் இயல்பா?

கொஞ்சம் இயல்பு, மிச்சம் மனிதர் கைப்பழக்கம்.

காட்டில் திரியும் உயிர் நாள் முழுக்க நடக்கும், ஓடும், மேடு ஏறும். உழைக்கிற தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்க மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதிகம் தேவை. அதில் இரும்புச்சத்து இருப்பதால் கறி கருஞ்சிவப்பாக இருக்கும், ஈரல் சாயலில் ஒரு அழுத்தமான ருசி வரும். நாட்டுக்கோழித் தொடைக்கும் பிராய்லர் நெஞ்சுக்கறிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தின்ற தழையும் கொட்டையும் கொழுப்பில் இறங்கி மணத்தை மாற்றும். வயது கூடக் கூட ருசியும் கடுமையாகும். இதையெல்லாம் குறை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வாயில் வைத்ததும் குமட்டுகிற வாடை பெரும்பாலும் விலங்கோடு பிறந்தது கிடையாது. அது எப்படிச் செத்தது, எவ்வளவு நேரத்தில் குடலை எடுத்தார்கள், எவ்வளவு சீக்கிரம் சூடு இறங்கியது, மயிர் பட்ட கை கறியில் பட்டதா, இந்த நாலு கேள்விக்குள் காரணம் அகப்பட்டுவிடும். வெள்ளாட்டுக்கும் இதே கணக்குதான்.

துரத்திப் பிடித்த விலங்கின் கறி நன்றாக இருக்காது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?

முழுக்க உண்மை. நானே கண்ணால் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பையன்கள் கடலைக்காட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரட்டினார்கள். பிடித்து வந்தபோது அதன் வாயில் நுரை, விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டதென்று அப்படியே அறுத்தார்கள். வெட்டுவதற்கு நான்தான் போயிருந்தேன். தொடையைத் திறந்தால் கறி செங்கல் நிறமாக இல்லை, நாவல்பழ நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டியது. மத்தியானத்துக்குள் அதில் ஒரு புளித்த வாடை கிளம்பிவிட்டது. அன்று சாப்பிட்ட யாரும் கறி நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

காரணம் இதுதான். தசைக்குள் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு உண்டு. நிதானமாக இருந்த ஆட்டை அறுத்தால், அந்த இருப்பு மெதுவாக லாக்டிக் அமிலமாக மாறும். புளிப்பைக் காட்டுவது பிஎச் என்ற அளவு, அது குறையக் குறையப் புளிப்பு கூடும். உயிரோடு இருக்கும்போது ஏறக்குறைய 7 இருந்த பிஎச் அளவு ஒரு நாளைக்குள் 5.5 பக்கம் இறங்கும். அந்த லேசான புளிப்புதான் கறியைக் கெடாமல் காப்பது, நல்ல நிறம் தருவது. ஓடிக் களைத்த விலங்கில் சர்க்கரை ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். அமிலம் உண்டாக வழியில்லை. பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, இறுகி, பார்க்க வறண்டும் தொட்டால் ஒட்டியும் கிடக்கும். கிருமிக்கு அது நல்ல விளைநிலம்.

நாய் விட்டு விரட்டியோ கண்ணி போட்டோ பிடிக்கும் விலங்கு மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகிறது. அந்தக் கறி ருசிக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. எங்கள் கடையில் ஆட்டை முதல் நாளே கொண்டுவந்து, தண்ணீர் வைத்து, நிழலில் கட்டிப்போட்டுத்தான் மறுநாள் விடியற்காலை அறுப்போம்.

கிடாக்கறியில் மட்டும் ஏன் அந்தக் கொச்சை வாடை?

விதை அடிக்காத வளர்ந்த கிடாவின் உடம்பில் ஆண் ஹார்மோன் வேலை செய்கிறது. தலையில் கொம்படியில் உள்ள சுரப்பிகளும், உடம்புக் கொழுப்பில் சேரும் சில கிளைத்த கொழுப்பு அமிலங்களும்தான் அந்த வீச்சத்துக்குக் காரணம். மனித மூக்கு இதை மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். சீண்டும் பருவத்தில் கிடா தன் தாடியிலும் முன்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும், அதனால் தோலும் நாறும்.

இளம் வயதிலேயே காயடித்த கிடாவிலோ, பருவத்துக்கு வராத குட்டியிலோ இந்தத் தொல்லை இருக்காது. வாங்கும்போது "காயடிச்சதா, எத்தனை பல்லு?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

ஒரே சட்டிக் குழம்புதான். எனக்குக் குமட்டுகிறது, வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கில்தான் கோளாறா?

பன்றிக்கறி என்றால் இப்படி நடக்கும், இரண்டு பேர் சொல்வதும் சரி. விதை அடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேட்டோல் என்று இரண்டு பொருள்கள் சேரும். முதலாவது மூத்திர வாடை மாதிரி, இரண்டாவது சாண வாடை மாதிரி. ஆண்ட்ரோஸ்டினோனை எல்லா மூக்கும் உணர்வதில்லை. பிறவியிலேயே சிலருக்கு அது தெரியாது, சிலருக்கு லேசாக இனிக்கிற மணமாகக்கூடத் தெரியும், சிலருக்குத் தாங்க முடியாது. பச்சைக் கறியில் ஒன்றும் தெரியாமல், சட்டி சூடேறியதும் குபீரென்று கிளம்புவதும் இதனால்தான். காட்டுப்பன்றி ஆணிலும் இதே பொருள்கள்தான்.

சந்தேகம் இருந்தால் கொழுப்பில் சுண்டுவிரல் அளவு வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டு முகர்ந்து பாருங்கள். வீட்டில் மூக்கு கூர்மையான ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கையை. என் தாத்தா தோல் உரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொங்கவிட்ட ஆட்டின் தோலை இடது கை பிடித்திருக்கும். வலது கையை முஷ்டியாக மடக்கி, தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள வெள்ளைச் சவ்வில் வைத்து அழுத்தி அழுத்தி இறக்குவார். கத்தி நாலைந்து இடத்தில்தான் படும். இடது கை ஒரு தடவைகூடக் கறியைத் தொடாது, வலது கை ஒரு தடவைகூட மயிரைத் தொடாது. அந்த ஒழுங்குதான் கொச்சை வாடைக்கு முதல் மருந்து. மயிரைப் பிடித்த கையாலேயே தொடையைத் தூக்கிக் கட்டையில் போட்டால் வாடை அங்கேயே ஏறிவிட்டது.

அப்புறம் குடல். அறுத்த அரை மணி நேரத்துக்குள் வயிறு காலியாகிவிட வேண்டும். குடல், பித்தப்பை, மூத்திரப்பை மூன்றும் கிழியாமல் வர வேண்டும். பித்தம் பட்ட இடம் பச்சை படிந்து கசக்கும். அதைக் கழுவிப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும். துப்பாக்கிக் குண்டோ வேறெதுவோ வயிற்றில் பாய்ந்த காட்டு விலங்கில் குடல் உள்ளேயே உடைந்து கறி முழுக்கப் பரவியிருக்கும். காட்டுக்கறியின் நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

வாத்துக்கறி வாடையை எப்படிப் போக்குவது?

வாலுக்கு மேலே, முதுகு முடியுமிடத்தில் இரட்டைப் பயறு மாதிரி மஞ்சளாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். வாத்து அலகால் அதைத் தொட்டுத்தான் இறகுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறது. அதை ஆழமாக வெட்டி எடுத்துவிடுங்கள், முக்கால்வாசி வாடை போய்விடும். கோழிக்கும் சிறிய அளவில் இது உண்டு.

மோரில், எலுமிச்சையில், வினிகரில் ஊறவைத்தால் வாடை போகுமா?

ஓரளவுக்குத்தான். வாடையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் கொழுப்பு. மோரும் எலுமிச்சையும் நீர்ப்பொருள்கள், கொழுப்புக்குள் அவை இறங்காது. அதனால் முதல் வேலை கத்தி வேலை: வெளிக் கொழுப்பு, வெள்ளிச் சவ்வு, உறைந்த ரத்தக் கட்டி, தொடைக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டி இவற்றை வெட்டி எடுப்பது. அதன்பிறகு உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மிச்ச ரத்தம் இறங்கும். மோரில் இரவு முழுக்க வைத்தால் மேல் வாடை தணிந்து கறி மெதுவாகும். ஊறும் நேரமெல்லாம் ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும், அடுப்பு மேடையில் கூடாது.

பப்பாளிக்காய் கறியை மெதுவாக்கும், வாடையை எடுக்காது. மஞ்சளும் மசாலாவும் வாடையை மறைக்கும், கெட்ட கறியை நல்லதாக்காது. ஆட்டுக் கொழுப்பை எடுத்துவிட்டுக் கறியை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ சின்ன வெங்காயத்தோடு வதக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இயல்பான வாடையா, கெட்டுப்போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கறி விரலால் அமுக்கினால் மேலே எழும்பி வரும், மேல்பரப்பு லேசாக உலர்ந்திருக்கும். கெட்ட கறி வழவழவென்று நூல் விடும். எலும்பை ஒட்டிய சதையில்தான் கேடு முதலில் தொடங்கும், ஏனென்றால் சூடு கடைசியாக இறங்குவது அங்கேதான். அதனால் தொடை எலும்புப் பக்கம் கத்தியைச் செருகி எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை, அம்மோனியா, புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் எறியுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில கிருமிகள் விட்டுச் செல்கிற நஞ்சு கொதியிலும் அழியாது.

நோய்க்கிருமி இருக்கிற கறி நாறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வாடை இல்லை என்பதாலேயே கறி பத்திரம் என்று நம்பிவிடாதீர்கள்.

அறுத்த உடனே சமைப்பது நல்லதா, வைத்துச் சமைப்பதா?

நம் ஊரில் சூடாக வாங்கிச் சூடாகச் சமைப்பதே வழக்கம். அறுத்த கொஞ்ச நேரத்திலேயே சமைத்துவிட்டால் சரி. சில மணி நேரம் கழித்து தசை விறைக்கத் தொடங்கும், அந்த நேரத்தில் சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். வந்த உடனே ஃபிரீசரில் போடாதீர்கள். விறைக்கும் முன்பே உறைந்த தசை சுருங்கிக் கடினமாகிவிடும்.

"பன்னிக்கறி இருக்கு, காட்டுது, வேணுமா?" என்று ஒருவர் போன் செய்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். கள்ளுக்கடை வாசலிலும் கல்யாண வீட்டிலும் இந்தக் கேள்வி என்னிடம் ரகசியமாக வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பகிரங்கமாகவே சொல்கிறேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி, மான், மிளா, காட்டு முயல், உடும்பு எதையும் வேட்டையாடுவது குற்றம். வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான், சிறை வரை போகும். வாளையாறானாலும் முதலமடையானாலும் சட்டம் ஒன்றே.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அந்தக் கறியை நான் தொட மாட்டேன். அறுப்பதற்கு முன்னும் பின்னும் எந்தக் கால்நடை மருத்துவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். இரவில் பிடித்து, இருட்டில் குடல் எடுத்து, பாலித்தீன் பையில் சூட்டோடு கட்டி, இருசக்கர வண்டியில் இருபது முப்பது கிலோமீட்டர் வருகிறது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி செழிக்கும், சாதகமான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) வெடித்துச் செத்த பன்றியாக இருந்தால் வெடிமருந்தும் கறியில் கலந்திருக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குக் காரணம் இப்படித் தீனிக்குள் வைத்த வெடிதான்.

நோய்க்கும் குறைவில்லை. டிரைக்கினெல்லா என்ற நுண்புழு காட்டுப்பன்றித் தசைக்குள் சுருண்டு கிடக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ், காய்ச்சல் தரும் புருசெல்லா பாக்டீரியா இரண்டும் பன்றி வழியாக வரக்கூடியவை. புருசெல்லா வெட்டுகிறவர் கையில் உள்ள சிறு கீறல் வழியாகவே ஏறும். 2022 ஜூனில் அதிரப்பள்ளிக் காட்டில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளுக்கு அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்று உறுதியானது. அடைப்பானின் வித்து மண்ணில் பல்லாண்டு கிடக்கும், செத்த உடலைத் தொட்டவர் தோலிலும் வரும். ஆகவே காட்டோரம் செத்துக்கிடக்கிற எந்த விலங்கையும் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேரளத்தில் பஞ்சாயத்தே பன்றியைச் சுட அனுமதி தருகிறதே, அந்தக் கறியைச் சாப்பிட்டால் என்ன?

பயிர் அழிப்பைத் தடுக்க 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. கடலையும் கிழங்கும் ஒரே இரவில் போகும்போது விவசாயியின் வயிறு எரிவதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆனால் அனுமதி சுடுவதற்குத்தான். சுட்ட பன்றியை முறைப்படி புதைத்துவிட வேண்டும். இன்னொன்று, அதே ஆண்டு ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. மனிதரை அது தாக்காது. ஆனால் கறித்துண்டோடு பயணம் செய்து, கழிவு வழியாகப் பண்ணைக்குள் போனால் அங்குள்ள அத்தனை பன்றியும் போய்விடும்.

ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லதா?

இல்லை. ஒரு குணமும் கிடையாது, ஆபத்து மட்டும் உண்டு. 2018-இல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்த நிபா வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்தான். குழந்தைக்கு இழைப்பு என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், கூட வேலை செய்கிறவர் மான்கறி கொடுத்தார் என்கிறான். சாப்பிடலாமா?

அங்கே உரிமம் வாங்கிப் பருவத்தில் வேட்டையாடுவது சட்டப்படி நடப்பது. பெரும்பாலும் அது வெண்வால் மானாக இருக்கும். மகனிடம் மூன்று சொல்லுங்கள். ஒன்று, மான் கொழுப்பு மெழுகு மாதிரி, ஆறியதும் மேல் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். வாடையும் அதில்தான், முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு, அந்த நாட்டில் பல மாநிலங்களில் மான்களுக்கு உடம்பு இளைத்துச் சாகிற ஒரு மூளைநோய் உண்டு. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனால் அந்த நோய்ப்பொருள் சமையல் சூட்டில் அழியாது. அந்தப் பகுதி மான் என்றால் சோதனை முடிவு வந்த பிறகே சாப்பிட வேண்டும், மூளையும் தண்டுவடமும் எப்போதும் வேண்டாம். மூன்று, குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும், ஈயத் துகள் அங்கே சிதறியிருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் மிகக் கெடுதல்.

கறியைக் கழுவலாமா, கூடாதா?

குழாயை முழுக்கத் திறந்து கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தக்காளி, கொத்தமல்லி, தட்டு எல்லாவற்றிலும் கிருமி ஏறும். கழுவாமல் நம் மனம் ஒப்பாது, தெரியும். ஒரு குண்டானில் தண்ணீர் பிடித்து அதற்குள் மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்க வேண்டாம்.

எவ்வளவு வேக வேண்டும்?

துண்டின் நடுவில் கோழி, காடை, வாத்துக்கு 74 டிகிரி, மற்ற கறிக்கு 71 டிகிரி இருந்தால் பத்திரம். குக்கரில் 120 டிகிரி அளவுக்கு ஏறும், அதில் வெந்ததற்குப் பயமில்லை. கரியடுப்பில் சுடுவதில்தான் கவனம் வேண்டும். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பண்ணை முயலில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் பெரிய தீயில் வைத்தால் நார்நாராகிவிடும். மூடி போட்டுச் சிறுதீயில் வைத்தால் மெதுவாகவும் இருக்கும், நன்றாகவும் வேகும்.

உப்புக்கண்டம் போட்டால் புழு, கிருமி எல்லாம் செத்துவிடுமா?

நல்ல ஆட்டுக்கறியை மெல்லிய பட்டையாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பூசி, ஈ மொய்க்காமல் வெயிலில் முறுகக் காயவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் வீட்டில் சித்திரை வெயிலுக்கு இப்போதும் போடுகிறோம். ஆனால் உப்பும் வெயிலும் கெடாமல் காப்பவைதான், எல்லாப் புழுவையும் கொல்லும் என்று நம்பக்கூடாது. உப்புக்கண்டத்தையும் பொரிப்பதற்கு முன் வேகவைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய்விட்டால் ஃபிரீசரில் உள்ள கறி என்ன ஆகும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் வரை குளிர் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். கறியில் இன்னும் ஐஸ் படிகம் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகியிருந்தால் எறிந்துவிடுங்கள். சாதாரண நாளில் உறைந்த கறியை இளக்க, முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, கீழே ஒரு தட்டு வையுங்கள், ரத்தத் தண்ணீர் மற்றதில் சொட்டாமல் இருக்கும்.